துளசிக்குப் பத்தியம் வைத்த விவகாரம்

பேரன்பும் பெருங்கோபமும் ஒருங்கே உடைய என் அத்தை கண்மணி அம்மாள் அவர்களின் சமூகத்துக்கு, ஜெராமிலிருந்து உங்கள் மருமகன் சத்தியசீலன் பணிவோடு எழுதுவது.

இங்கே நானும், வீடும், எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வாங்கிக்கொடுத்த ஐஸ்பெட்டியும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே சுங்கை ஆயர் தாவாரில் நீங்களும், உங்கள் கோழிகளும், முக்கியமாக உங்கள் இடது காலும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை அத்தை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும்போது, பள்ளி விடுமுறையை எப்படிக் கழித்தாய் என்று நண்பனுக்கு எழுதியதுதான் கடைசி. அந்த நண்பனும் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். அதன்பிறகு செம்பனை ஆலையில் நான் எழுதுவதெல்லாம் 'வால்வு மாற்றியாச்சு, பிரஷர் நார்மல்' என்கிற வகைதான், அதுவும் மலாயில். ஆனால் போன அமாவாசையிலிருந்து நீங்கள் என் ஃபோனை எடுப்பதில்லை. வாட்சாப்பில் அனுப்பினால் நீலக் குறி விழுகிறது, பதில் விழுவதில்லை. ஆகவே இதை எழுதி, வாரக்கடைசியில் உங்கள் பக்கம் இருக்கிற தன் அம்மா வீட்டுக்கு வருகிற புவனேசன் கையில் கொடுத்தனுப்ப உத்தேசம். என்னோடு ஆலையில் வேலை செய்கிற, நீங்கள் வாராவாரம் எனக்கு இனிப்பு டப்பா கொடுத்து அனுப்புகிற அதே புவனேசன்தான்.

நீங்கள் கடைசியாக என்னிடம் பேசியது இது: "செத்த பொண்ணுக்குப் பத்தியமா மாப்ள? வருசப் படையல நான் இங்கயே வெச்சுக்கறேன். நீங்க ஒங்க டயட்ட பாத்துக்குங்க லா!" பிறகு டொக்கென்று வைத்துவிட்டீர்கள். உங்கள் மகள், என் துளசி, போய் வருசம் திரும்பப்போகிறது. அடுத்த வாரம் படையல். நீங்கள் வராவிட்டால் இந்த வீட்டில் நானும் அவள் படமும்தான். உங்கள் வீட்டில் நீங்களும் அவள் இன்னொரு படமும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஊரில் இரண்டு படையல் என்றால் அவள் எந்தப் பக்கம் போவாள், நடுவில் தஞ்சோங் காராங் டிராஃபிக் வேறு. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுங்கள். ஃபோன் போட்டுத் திட்டினால் இன்னும் உபகாரம்.

அவள் போன பிறகு நீங்கள் எனக்கு ஒரே ஓர் உத்தரவுதான் போட்டீர்கள். "அவ இனிப்பில்லாம ஒரு வேள சாப்புட மாட்டா. அமாவாசைக்கு அவளுக்குப் புடிச்சது எல்லாத்தையும் வெச்சிருங்க. படம் புடிச்சு அனுப்புங்க, நான் கண்ணால பாக்கணும்." நான் டெக்னீஷியன். கொடுத்த உத்தரவை விட்டுவிடாமல் செய்வது ஒன்றுதான் எனக்கு அப்போது தெரிந்திருந்தது. ஆகவே வைத்தேன். கேசரி வைத்தேன், பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் ஒண்டே ஒண்டே உருண்டை வாங்கி வைத்தேன், கோல சிலாங்கூரில் ஐஸ் போட்ட செண்டோல் வாங்கி, அது வீடு வந்து சேர்வதற்குள் வெந்நீராகி, அதையும் கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். காலையில் அவள் குடிக்கிற, டின்பால் சூசு போட்ட தேத்தண்ணீரைத் தினமும் படத்தின் முன்னால் வைத்தேன். வைப்பது சுலபம் அத்தை. எடுப்பதுதான் கஷ்டம். படையலைக் குப்பையில் கொட்டக்கூடாது, வீட்டாள்தான் சாப்பிடணும் என்று சொன்னவரும் நீங்கள்தான். வீட்டாள் என்று இங்கே இருப்பது நான் ஒருவன். எங்கள் வீட்டு வரிசையில் இருக்கிறவர்கள், வருசம் திரும்புகிற வரைக்கும் சாவு வீட்டுப் படையல் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு ரோசரி அக்காவிடம் கொண்டுபோனால், "தம்பி, படைக்கறதுக்கு முன்னாடி குடுத்தா சட்டியோட வாங்கிக்குவேன். படைச்சதுக்கப்புறம் குடுத்தா ஃபாதர்கிட்ட நான்தான் பதில் சொல்லணும்" என்று நியாயமாகச் சொல்லிவிட்டார். ஆகவே எல்லாவற்றையும் நானே சாப்பிட்டேன். அதற்கு மேல் உங்கள் டப்பா வேறு வந்தது. உண்மையைச் சொன்னால் அதில் ஒன்றாவது இனிக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆலையில் குலைகள் கன்வேயரில் ஏறி உள்ளே போய் விழுகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

இப்படி விழுந்ததெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது ஆலையை நிறுத்திச் சுத்தம் செய்கிற அன்று தெரிந்தது. எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி, மட்டம் காட்டுகிற சென்சாரைப் பார்க்க வேண்டும். ஆள் நுழைகிற ஓட்டை வழியாக ஒவ்வொரு தடவையும் நான்தான் போவேன். மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வெளியே வரும்போது தலையும் கையும் வந்தன, மீதி வரவில்லை. புவனேசன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"மச்சான், வவுத்த உள்ள இழு."

"இழுத்துட்டேன்டா."

"இழுத்தும் இவ்ளோவா?"

எண்ணெய் ஆலையில் எண்ணெய்க்கா பஞ்சம். ஓட்டையைச் சுற்றியும் என்னைச் சுற்றியும் செம்பனை எண்ணெயைத் தடவி, இரண்டு பேர் சேர்ந்து இழுத்து, நான் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து அவன் மடியில் விழுந்தேன். அவன் என்னைக் கீழே வைக்காமல், "பாஸ், ஆம்பளப் புள்ள! தாயும் சேயும் நலம்!" என்று கத்தினான். ஆலையே சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. எண்ணெய் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. மறுநாளே பாஸ் என்னைக் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ் மிஸ்ஸி, நல்ல மனுஷி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "தம்பி, ஒங்க வயசு கார்டுல ஒன்னு இருக்கு, ரத்தத்துல வேற ஒன்னு இருக்கு. வீட்ல யாரு சமைக்கறா?" என்றார். யாருமில்லை என்றேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு ஒரு தட்டுப் படம் போட்ட தாளைக் கொடுத்தார். அரசாங்கம் எல்லாருக்கும் கொடுக்கிற சுக்கு-சுக்கு-செபாரோ தாள். தட்டில் கால்வாசி சோறு, கால்வாசி மீனோ முட்டையோ, பாதி காய்கறி. இனிப்பு என்கிற பேச்சுக்கே அந்தத் தட்டில் இடமில்லை. "கடச் சாப்பாடு வேணாம். கஞ்சியோ கூழோ, ஒங்க கையால சமைங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அப்புறம் நான் சமைத்த வரலாறு உங்களுக்கே தெரியும், பாதி உங்கள் காதில்தான் நடந்தது. யூட்யூப்பில் பார்த்தால் எல்லாப் பெண்களும் 'உப்பு தேவையான அளவு' என்கிறார்கள். யாருக்குத் தேவையான அளவு? எந்தப் பாத்திரத்துக்கு? ஒரு மெஷினுக்கு இப்படிக் குறிப்பு எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே என்னை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். ஆகவே உங்களுக்கு ஃபோன் போட்டேன்.

"உப்பு எவ்ளோ அத்தை?"

"போட்டுப் பாருங்க மாப்ள."

"எவ்ளோ போட்டுப் பாக்கணும்?"

"ஐயோ, கொஞ்சம்!"

"வெங்காயம் வதங்கிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"ஒங்க மொகம் மாதிரி ஆனதும் தூளப் போடுங்க."

சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். துளசி போன பிறகு அன்றைக்குத்தான் நீங்கள் சிரித்துக் கேட்டேன். வெங்காயம் கரியாகிக்கொண்டிருந்தது. புகை கூரைக்கு ஏறியது. நான் ஃபோனையும் வைக்கவில்லை, அடுப்பையும் அணைக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரோசரி அக்கா, "சீலா, உசுரோட இருக்கியா, இல்ல தீயணைக்க பொம்பாவக் கூப்புடவா?" என்று கத்தினது உங்களுக்கும் கேட்டிருக்கும். "யாரு அது?" என்று நீங்கள் கேட்டதற்கு டிவி என்று சொன்னேன். மன்னிக்கணும்.

பிறகு ஒரு நாள் பாகற்காய் வதக்கினேன். பச்சையாகவே இருக்கும்போது இறக்கிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு வாய் வைத்தேன். அத்தை, கசந்தது. நாக்கு, தொண்டை, காது வரைக்கும் கசந்தது. மாதக்கணக்காக வாயில் போட்ட எதுவும் இன்னதென்று தெரியாமல் இருந்தவனுக்கு இது தெரிந்தது. "ச்சை!" என்று சத்தம் போட்டுவிட்டேன். வீட்டில் யாரோ பேசின மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். நான்தான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தச் சமையல். மறுநாள் மறுபடியும் அதே பாகற்காயை வாங்கினேன், இன்னும் கொஞ்சம் நல்லா வரும் என்று. இன்னும் கொஞ்சம் மோசமாகத்தான் வந்தது. அதற்கடுத்த நாளும் வாங்கினேன். சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடக்கவும் ஆரம்பித்தேன். மீன் சுடுகிற ஈக்கான் பாக்கார் கடைகளைத் தாண்டி நடப்பது எப்படிப்பட்ட தவம் என்று ஜெராமில் குடியிருக்கிறவனுக்குத்தான் தெரியும். காற்சட்டைக் கொக்கி இப்போது மாட்டுகிறது. தொட்டிக்குள்ளும் எண்ணெய் தடவாமல் போய் வருகிறேன். புவனேசனுக்குத்தான் ஏமாற்றம், இரண்டாவது பிள்ளைக்குப் பேர் வைத்துக் காத்திருந்தான்.

இப்போது விவகாரத்துக்கு வருகிறேன். அமாவாசை வந்தது. கேசரிக்கு ரவையை வறுத்துவிட்டுச் சீனி டின்னைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போட முடியவில்லை. அத்தை, அவளுக்குத் தனித் தட்டு என்று ஒன்று கிடையாது. தனியாகப் போட்டுக் கொடுத்தால் தொடமாட்டாள், என் தட்டில்தான் கை வைப்பாள். "ஒங்க தட்டுல இருந்தாத்தான் ருசியா இருக்கு" என்பாள். நான் சாப்பிட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே பொரித்த மீனில் பாதி போயிருக்கும். அப்படிப்பட்டவளுக்கு இலையில் கேசரியை வைத்துவிட்டு, நான் இந்தப் பக்கம் பாகற்காயோடு உட்கார்ந்தால் அது என்ன குடும்பம்? நான் சாப்பிடுறதைத்தானே அவளும் சாப்பிடணும்? அதனால் என் சாப்பாட்டையே அவளுக்கு வைத்தேன். ஒழுங்காக வைக்க வேண்டும் என்று அந்தத் தாளைப் பார்த்து வைத்தேன். இலை வட்டமாக இல்லாததால் முதலில் அளவெடுக்கச் சிரமமாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், வாழை இலைக்கு நடுவில் நரம்பு இருக்கிறதே, அது பாதியாகப் பிரிக்கக் கடவுளே போட்டு வைத்த செபாரோ கோடு. மேல்பாதி முழுக்கக் கங்கோங் கீரையும் பாகற்காயும் பயற்றங்காயும். கீழ்ப்பாதியில் ஒரு கால்வாசியில் தவிடு எடுக்காத அரிசிச் சோறு, இன்னொரு கால்வாசியில் கெம்போங் மீன். பக்கத்தில் சீனியில்லாத கறுப்புத் தேத்தண்ணீர். எனக்குப் பெருமையாக இருந்தது. எல்லாம் என் கையால் சமைத்தது, எதுவும் கருகவில்லை. காக்காய்க்கு வைத்ததில் மீனை எடுத்துக்கொண்டு போனது, கீரையைத் தொடவில்லை. ஜெராம் காக்கா என்றைக்குக் கீரை தின்றது? சந்தோஷமாகப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் பாராட்டுவீர்கள் என்று நினைத்தேன். நான் எவ்வளவு முட்டாள் பாருங்கள்.

நீங்க கத்தினதுல தப்பில்ல அத்தை. பெத்தவங்க. பொண்ணோட இலையில கோடு கிழிச்சு காய்கறி வெச்சிருக்கான் ஒருத்தன்னா யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனா ஒன்னு சொல்லணும், இத ஃபோன்ல சொல்ல எனக்குத் தைரியம் வராது, அதனாலதான் பேப்பர்ல. ஒவ்வொரு அமாவாசைக்கும் நீங்களும் அங்க படையல் போட்டு, அதிரசம் சுட்டு, சாயங்காலம் தனியா ஒக்காந்து அத்தனையும் நீங்களே சாப்புடறீங்கன்னு புவனேசன் சொன்னான். கால் புண்ணு இன்னும் ஆறலன்னும் சொன்னான். துணி சுத்தியிருக்கீங்களாம், செருப்பு போட முடியலயாம். நீங்க இனிப்பு நீர் நோய்க்கு மாத்திரை சாப்புடறவங்க அத்தை. அவ பேரச் சொல்லிக்கிட்டு ரெண்டு ஊருல ரெண்டு பேரு ஆளுக்கொரு சட்டி இனிப்பத் தின்னு முடிக்கறோம். இது படையலா? அவளுக்கு டிங்கி காய்ச்சல் வந்தப்ப நம்மளால ஒன்னும் செய்ய முடியல. இந்தக் கால் புண்ணுக்குச் செய்யலாம் இல்லையா?

எனக்கு இப்ப 'துளசி'ன்னு பேரச் சொல்றது நீங்க ஒருத்தர்தான். ஆலையில 'ஒன் வைஃப்'ன்றாங்க. கிளினிக்ல 'இறந்தவர்'ன்றாங்க. ரோசரி அக்கா 'அந்தப் புள்ள'ன்னு சொல்லிட்டு முந்தானைய எடுத்துக்கறாங்க. நீங்க மட்டும்தான் 'துளசிக்கு வெச்சீங்களா, துளசி சாப்புட்டாளா'ன்னு அவ உள்ள ரூம்ல இருக்கற மாதிரி கேப்பீங்க. நீங்க ஃபோன் எடுக்காத நாள்ல அந்தப் பேரு இந்த வீட்டுல ஒரு தடவகூட கேக்கறதில்ல. பொண்ணு போனா மருமகனும் போயிரணுமான்னு எனக்குத் தெரியல. யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியல. மாமா இருந்திருந்தா அவர்கிட்ட கேட்டிருப்பேன். அதனால ஒங்ககிட்டயே கேக்கறேன்.

ஆகவே என் பணிவான வேண்டுகோள் யாதெனில், அடுத்த வாரம் நீங்கள் ஜெராமுக்கு வர வேண்டும். நான் காடி ஓட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போகிறேன். ஒரே வீட்டில், ஒரே இலை. நீங்கள் சமையுங்கள், நான் வெங்காயம் அரிந்து தருகிறேன். ஆனால் அந்த இலையில் சீனி கிடையாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை, ஒரு கரண்டிகூட. வைத்தால் அதைச் சாப்பிடப்போவது நீங்களும் நானும்தான். நீங்கள் எவ்வளவு திட்டினாலும் நான் இந்த முடிவிலிருந்து இறங்கமாட்டேன் என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கோழிகளுக்கு என் அன்பு. எதிர்வீட்டு முருகையா மாமா கேட்டால் மாப்பிள்ளை இளைத்துவிட்டார், ஆனால் நோயால் அல்ல என்று சொல்லவும். உங்கள் வாயால் நல்ல வார்த்தை கேட்கக் காத்திருக்கும், கெட்ட வார்த்தையானாலும் பரவாயில்லை என்றிருக்கும்,

உங்கள் மருமகன்,
சத்தியசீலன்

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதினது எதையும் கணக்குல எடுத்துக்காதீங்க. இத மடிச்சுப் பையில வெச்சுட்டு வேலைக்குப் போனா, புவனேசன் ஒரு டப்பாவோட நிக்கறான். அவங்க அம்மாவப் பாக்க நேத்தே ஒரு நட அந்தப் பக்கம் வந்திருக்கான். "என்னடா இது?"ன்னேன். "பாயாசம் மச்சான். ஆன்ட்டி நேத்து ஒன் வைஃப்..." ன்னு ஆரம்பிச்சவன் நிறுத்திட்டு, "துளசிக்குப் படைச்சாங்களாம். சீனி போடலயாம். 'நானும் அதையேதான் குடிச்சேன், அவரையும் குடிக்கச் சொல்லு'ன்னாங்க. சொல்லும்போது மொகத்தப் பாக்கணுமே நீ"ன்னான். சாப்பாட்டு நேரத்துல தொறந்து ஒரு வாய் குடிச்சேன். அத்தை, இது பாயாசமா? சேமியாவ வெந்நீர்ல குளிப்பாட்டின மாதிரி இருக்கு. இதையா துளசி முன்னாடி வெச்சீங்க? ஒங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சுன்னு இடுப்புல கைய வெச்சுக்கிட்டுக் கேட்டிருப்பாளே. நான் செஞ்சா முட்டாத்தனம், நீங்களுமா? டப்பாவ முழுசா முடிச்சிட்டேன், அது வேற விஷயம். பாஸ்கிட்ட அரைநாள் லீவு கேட்டு நேரா இங்க வந்துட்டேன். இப்ப ஒங்க கேட்டுக்கு வெளிய, காடி மேல பேப்பர வெச்சு எழுதறேன். ஹார்ன் அடிச்சேன், கோழிதான் எட்டிப் பாத்துச்சு. உள்ள சீரியல் சத்தம் கேக்குது. அது முடியற வரைக்கும் யமனே வந்தாலும் நீங்க கதவத் தொறக்க மாட்டீங்கன்னு தெரியும், அதனால கேட்டத் தொறந்து வந்து இத கதவுக்கு அடியில தள்ளறேன். வெளம்பரம் போடறப்பப் படிச்சிட்டு, பாயாசம் மிச்சம் இருந்தா அடுப்புல ஏத்துங்க. வர்ற வழியில ஒரு பாக்கெட் சீனி வாங்கிட்டு வந்திருக்கேன். அவ பங்குக்கு மட்டும் போட்டுக்கலாம்.